உப்புத்தாளுக்குத் துரு பிடிக்குமா?

"கல்யாணப் பையன் நல்லவரா இல்லையான்னு விசாரிச்சுச் சொல்லணும். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள."

வந்த பெண் இப்படி ஆரம்பித்ததும் கோகுலகிருஷ்ணனுக்கு உற்சாகம் வடிந்துவிட்டது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மாடியில் இருந்த அமிர்தவல்லி துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குத்தான் வருவார்கள். மீதிப்பேர் கீழே கடைக்குப் போக வேண்டியவர்கள், வழி தவறி மேலே வந்துவிட்டவர்கள்.

"குடிப்பழக்கம், ஏற்கெனவே ஒரு காதல். ரெண்டுல எதை மொதல்ல பார்க்கணும்?" என்றான்.

"குடிக்க மாட்டார். காதல் இருக்கு. என்னோடதான்."

"அப்புறம் விசாரிக்க என்னங்க இருக்கு?"

"பட்டறையைக் கொளுத்திட்டார்ங்கிறாங்க."

ஆயுத பூஜைக்கு வாங்கி மிஞ்சிய பொரியைக் கொறித்துக்கொண்டிருந்த அமிர்தவல்லி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். இந்த நிலையம் தொடங்குவதற்கு முன்னால் அவள் ஓர் இன்ஷூரன்ஸ் சர்வேயரிடம் வேலை பார்த்தவள். பெரம்பலூர் வட்டாரத்தில் எரிந்துபோன பருத்தி குடோன்கள், மக்காச்சோளக் குடோன்கள் அத்தனையையும் மோந்து பார்த்திருக்கிறாள். தீ என்று காதில் விழுந்தால் அவள் முகத்தில் ஒரு களை வந்துவிடும். அது நாகரிகமில்லை என்று தெரிந்து உடனே மறைத்தும் கொள்வாள்.

"உக்காருங்க. பேரு?"

"பரிமளா. இங்கதான் ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை. அவர் பேரு ஜெயப்பிரகாஷ். அரும்பாவூர்ல வீரமணிங்கிறவரோட மரச்சிற்பப் பட்டறையில மிஷின் வேலை பூரா அவர்தான்."

விஷயம் இதுதான். போன வாரம் ஆயுத பூஜை அன்று, பூஜை முடிந்து பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் போன பிறகு உள்ளே தீப்பிடித்தது. ஓர் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்குச் செய்து வைத்திருந்த ஜோடிக் கதவு எரிந்துபோனது. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான்: ஒன்று வீரமணியிடம், இன்னொன்று ஜெயப்பிரகாஷிடம். வருஷா வருஷம் பூஜையில் முன்னால் நிற்கிற ஜெயப்பிரகாஷ் அன்று மத்தியானமே காணாமல் போயிருந்தான். போதாததற்கு, 'தனியாக் கடை போடப் போறேன்' என்று முதல் நாள்தான் சொல்லியிருக்கிறான்.

"ஒரு வாரம் டைம் குடுத்திருக்கார் வீரமணி. தப்பை ஒத்துக்கிட்டா விட்டுடறேன், இல்லன்னா ஸ்டேஷன்னு. இன்னிக்குச் சாயங்காலம் போறார். எங்கப்பாவும் அங்க வரார். புகார் குடுத்துட்டா கல்யாணம் நின்னுடும்." பரிமளா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "அப்பா இதுவரைக்கும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு வாய் நிறையக் கூப்பிடுவார். ஒரு வாரமா 'அந்தப் பையன்'ங்கிறார்."

"அன்னிக்கு அவர் எங்க இருந்தாராம்?"

"வாலிகண்டபுரம் சிவன் கோயில்ல."

"பார்த்த ஆள் யாராவது?"

பரிமளா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். "நான்."

கோகுல் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கேஸ் இப்போதுதான் பிடித்தது. "நந்தி கூடப் பார்த்திருக்குமே, சாட்சிக்குக் கூப்பிடலாமா?"

"கிண்டல் பண்ணாதீங்க சார். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல பார்த்துக்கக் கூடாதுங்கிறது எங்கப்பா சட்டம். சொன்னா அதுக்கே நிறுத்திடுவார். சொன்னாலும் வீரமணி நம்ப மாட்டார். கட்டிக்கப்போறவ வேற எப்படிச் சொல்லுவாம்பார். எனக்கு வேற சாட்சி வேணும்."

அமிர்தவல்லி காரின் சாவியை எடுத்தாள். "கோகுலு, பொரியைக் கட்டி எடுத்துக்க. வழியில சாப்பாடு அதுதான்."

*

அரும்பாவூர் வரைக்கும் பச்சைமலை கூடவே வந்தது. கோகுலும் வாயை மூடாமல் வந்தான். 'கோயிலில் பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் கோயிலுக்குப் போனதைப் பற்றிப் பொய் சொல்வார்கள்' என்பது அவன் அன்றைக்குக் கண்டுபிடித்த தத்துவம்.

பட்டறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஜெயப்பிரகாஷ் உட்கார்ந்திருந்தான். பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வீட்டுக்குப் போகவும் மனசு வரவில்லை. ஒரு வாரமாக அந்தப் பெஞ்சிலேயே கிடக்கிறான்.

"தம்பி, தீ வெச்சியா?" என்றாள் அமிர்தவல்லி.

"வைக்கலைங்க."

"சரி."

"ஆனா என் மேல தப்பே இல்லன்னும் சொல்ல மாட்டேங்க."

கோகுல் தலையைச் சொறிந்தான். "மேடம், இந்த வாக்குமூலத்தை எந்தப் பக்கம் வரவு வைக்கிறது?"

ஜெயப்பிரகாஷ் ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே வீரமணி தேர்ச்சக்கரம் மாதிரி ஒரு மரத்தைப் போட்டு உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். பெரிய மீசை. மீசைக்கு ஏற்ற குரல். ஆனால் மூலையில் சாத்தி வைத்திருந்த கருகிய கதவுகளைக் காட்டும்போது அந்தக் குரல் உடைந்தது.

"தும்பிக்கை வரைக்கும் முடிச்சுட்டேங்க. மெருகு ஒன்னுதான் பாக்கி. எத்தனை மாச வேலை தெரியுமா? புள்ளை மாதிரி வளர்த்தேன் அவனை. போறவன் போக வேண்டியதுதானே, கொளுத்திட்டா போகணும்?"

அவர் சொன்ன கணக்கில் ஓட்டை எதுவும் இல்லை. பூட்டு, சாவி, பூஜைக்கு வராதது எல்லாம் சரியாக ஒன்றோடொன்று பொருந்தின. அமிர்தவல்லிக்கே அது பிடித்திருந்தது. "நல்ல கேஸ்தான்," என்று கோகுலிடம் முணுமுணுத்தாள். "அந்தப் பொண்ணுக்குத்தான் நல்லதில்ல."

கதவுகளை அவள் அதிக நேரம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கதவு நின்ற இடத்தைவிட, சாமி படத்துக்கு முன்னால் கருவிகளை வரிசையாக வைத்திருந்த மேடையோரத்தில் சிமெண்டு இன்னும் கறுப்பாக வெடித்திருந்தது.

"இங்க என்ன இருந்துச்சு?"

"பெல்ட் சாண்டர். அதோ கெடக்கு."

இஸ்திரிப் பெட்டி போலப் பிடித்து ஓட்டுகிற மிஷின் அது. அடியில் உப்புத்தாளால் ஆன பெல்ட் ஒன்று இரண்டு உருளைகள் மேல் வேகமாகச் சுற்றி மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும். தேய்த்த தூளை மிஷினே உறிஞ்சி, பின்னால் தொங்கும் துணிப்பைக்குள் அனுப்பிவிடும். இப்போது பையே இல்லை. பை மாட்டியிருந்த வாய் உருகிக் கோணியிருந்தது. அடிப்பக்கம் மட்டும் தரையோடு படிந்து கிடந்ததால் பெல்ட் தப்பித்திருந்தது.

அமிர்தவல்லி மிஷினைத் திருப்பிப் போட்டாள். பெல்ட் முழுக்கச் செம்பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"கோகுலு, உப்புத்தாளுக்குத் துரு பிடிக்குமா?"

"தாளுக்கு எப்படி மேடம் பிடிக்கும்? அது என்ன ஆணியா?"

"மரத்தூளுக்கு?"

"மேடம், நான் பன்னெண்டாவதுல காமர்ஸ்."

"உன் போன் கவரைக் கழட்டு. மூடுற இடத்துல காந்தம் இருக்கும்."

கோகுல் அரைமனதாகக் கொடுத்தான். அவள் பெல்ட்டைத் தட்டி உதிர்த்த தூள் மேல் கவரை ஓட்டினாள். பொடிப்பொடியாகக் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

"இரும்பு," என்றாள். "தீயை அணைக்கத் தண்ணி அடிச்சிருக்காங்க. பெல்ட்டுல இருந்த இரும்புத்தூள் ஒரு வாரத்துல துரு ஏறிப்போச்சு. மரப் பட்டறையில, பூஜை அன்னிக்கு, யாரோ இதுல இரும்பைத் தேய்ச்சிருக்காங்க."

வீரமணி உளியைக் கீழே வைத்தார். "எனக்கு என்னங்க தெரியும்? நான் உளிக்காரன். மிஷினெல்லாம் அவன் டிபார்ட்மெண்ட்."

"அப்படின்னா டிபார்ட்மெண்டைக் கூப்பிடுங்க."

வீரமணி முறைத்தார். வேறு வழியில்லாமல் டீக்கடைப் பக்கம் கையசைத்தார். ஜெயப்பிரகாஷ் செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தான். மிஷினைப் பார்த்ததும் தயக்கம் போய்விட்டது. பக்கவாட்டு நெம்புகோலை இழுத்தான். உருளை உள்ளே வாங்கியது. பெல்ட்டை உருவி எடுத்து உட்பக்கத்தைத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இது நான் மாட்டின பெல்ட் இல்லைங்க."

"எப்படிச் சொல்றே?"

"பூஜைக்காகக் காத்தடிச்சு மிஷினைச் சுத்தம் பண்ணிட்டு, நான் புது பெல்ட் மாட்டினேன். இது பழசு. ஆணியில தொங்கிட்டிருந்தது. அதோட, மாட்டியிருக்கிற பக்கத்தைப் பாருங்க." பெல்ட்டின் உட்பக்கம் ஓர் அம்புக்குறி அச்சாகியிருந்தது. மிஷின் உடம்பிலும் ஒன்று இருந்தது. "ரெண்டு அம்பும் ஒரே பக்கம் பார்க்கணும். தலைகீழா மாட்டினா ஒட்டுப் போட்ட இடம் மரத்துல இடிச்சு, பெல்ட் பிரிஞ்சு வந்துடும். பாருங்க, பிரிய ஆரம்பிச்சிருக்கு. உருளையோட ஓரத்துக்கு வேற ஒதுங்கி ஓடி விளிம்பு கிழிஞ்சிருக்கு. இந்தத் திருகை ஒரு சுத்து திருப்பினாப் போதும், நடுவுல நிக்கும். அது கூடத் தெரியாத ஆள் ஓட்டியிருக்காங்க."

"இதுல இரும்பு தேய்க்கலாமா?"

"அதுக்குன்னு பெல்ட் இருக்குங்க, தேய்க்கலாம். ஆனா பையைக் கழட்டிட்டுத்தான் தேய்க்கணும். பொறி பறக்கும். பையில மரத்தூள் இருந்தா உள்ளயே கங்கு மாதிரி உக்காந்து, மெதுவா..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். முகம் வெளுத்துப்போனது. கோகுல் அதைக் கவனிக்கவில்லை. அமிர்தவல்லி கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை.

"ஆக, தீ வெளியிலேர்ந்து வரலை," என்றாள். "பூட்டுக்குள்ளயே பையில உக்காந்திருந்துச்சு. சாவியே தேவையில்லை. இப்போ நான் தேடறது இரும்பைத்தான். அன்னிக்கு இங்க என்ன இரும்பு தேய்ஞ்சுது?"

"உளியெல்லாம் கல்லுலதாங்க தீட்டுவோம்," என்றான் ஜெயப்பிரகாஷ்.

வீரமணி துண்டை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

*

வீடு பட்டறைக்குப் பின்னால். வீரமணியின் மனைவி ராசாத்தி மோர் கொடுத்தாள். கோகுல் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான், மோர் எங்கேயாவது இருக்கிறதா என்று.

"பூஜை அன்னிக்குப் புகை வாசனை எதுவும் வரலையாம்மா?" என்றாள் அமிர்தவல்லி.

"வந்துச்சே. சாம்பிராணின்னு நெனச்சோம். இந்த வருஷம் வாசனை தூக்கலா இருக்கேன்னு எங்க அண்ணி கூடச் சொன்னாங்க."

கோகுலுக்கு மோர் புரையேறியது. உள்ளே தூள் கனன்றுகொண்டிருந்த மிஷினுக்கு அத்தனை பேரும் கைகூப்பி நின்று, தீபாராதனை வேறு காட்டியிருக்கிறார்கள்.

"அண்ணின்னா?"

"அவரோட அக்கா, பாப்பாத்தி. கல்லங்குறிச்சியில கட்டிக் குடுத்திருக்கு. பூஜைக்கு வந்தாங்க. வந்தவங்க சும்மா வந்தாங்களா? கையோட அவங்க அரிவாள்மனையைத் தூக்கிட்டு வந்தாங்க." ராசாத்தி குரலைத் தாழ்த்தினாள். ஒரு வாரமாக அவளுக்குள் இருந்தது வெளியே வந்தது. "நான் புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சு என் அரிவாள்மனையைப் பூஜைக்கு வெச்சேன். பக்கத்துல அவங்களுது. கண்ணாடி மாதிரி மின்னுது! வந்தவங்கெல்லாம் அதையேதான் பார்த்தாங்க. என்னுது பிச்சைக்காரி மாதிரி ஓரமா கெடந்துச்சு."

"யாரு தேய்ச்சுக் குடுத்தா?"

"யாருக்குத் தெரியும்? நான் சுண்டல் தாளிச்சிட்டிருந்தேன்."

அமிர்தவல்லி மோரை ஒரே மூச்சில் குடித்து டம்ளரை வைத்தாள். "கோகுலு, கல்லங்குறிச்சி."

வாசலில் வீரமணி நின்றுகொண்டிருந்தார். "எங்க போறீங்க?"

"கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிச்சிட்டு வந்துடறோம். நாங்க வர வரைக்கும் ஸ்டேஷனுக்குப் போகாதீங்க."

"சாயங்காலம் போயே தீருவேன்," என்றார் வீரமணி. ஆனால் அதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

*

அரியலூர் சாலையில் சிமெண்டு லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லா லாரியின் நெற்றியிலும் பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்று காய்ந்து தொங்கியது.

"மேடம், குற்றவாளி ராசாத்தியம்மாதான். பொறாமை. அதோட அந்த மோர். அப்படி ஒரு மோரைக் கலக்கறவங்க எதுக்கும் துணிவாங்க."

"கண்டுபிடிக்க வேண்டியது பொறாமைக்காரரை இல்ல, சிக்கனக்காரரை. நல்லா யோசி. புது பெல்ட்டைப் பத்திரமாக் கழட்டி வெச்சிட்டு, பழசைத் தேடி மாட்டியிருக்கு அந்த ஆள். புது பெல்ட் வீணாயிடும்னு வயித்தெரிச்சல். அந்த அக்காவாத்தான் இருக்கணும்."

"அப்போ பந்தயம். ராசாத்தியம்மான்னா எனக்கு பிரியாணி. பாப்பாத்தியம்மான்னா உங்களுக்கு."

"ரெண்டும் இல்லன்னா?"

"பொரிதான்," என்றான் கோகுல்.

கல்லங்குறிச்சியில், கோயிலுக்குப் போகிற தெருவிலேயே பாப்பாத்தியின் வீடு. போன நேரத்தில் அந்த அம்மாள் கூடத்தில் அரிவாள்மனை மேல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள். தேடி வந்த சாட்சி வேலை பார்த்துக்கொண்டே வரவேற்றது. அலகு வெள்ளி மாதிரி மின்னியது. அதன் மேல் நீளவாக்கில் ஒரே சீராக மெல்லிய கோடுகள்.

"அரும்பாவூர்லேர்ந்து வரோம். உங்க தம்பி பட்டறை விஷயமா," என்றாள் அமிர்தவல்லி.

"வாங்க! நானே வரணும்னு இருந்தேன். அந்த வீரமணியை நாலு வார்த்தை கேக்கணும்." பாப்பாத்தி எழுந்து, அரிவாள்மனையைத் தூக்கிப் பலகையை நீட்டினாள். கோகுல் அலகைப் பார்த்து இரண்டடி பின்னால் போனான். "இது எங்கம்மா குடுத்த தேக்குப் பலகை. பாருங்க, அம்மை போட்ட மாதிரி கரும்புள்ளி! தேய்ச்சு வந்த அன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. இங்க வந்து கழுவினேன், மறுநாளே இப்படி."

அமிர்தவல்லி புள்ளிகளைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "மொதல்ல இரும்பைத் தேய்ச்சு, அதே பெல்ட்டால பலகையையும் தேய்ச்சிருக்கு. இரும்புத்தூள் மரத்துல ஏறிடுச்சு. தண்ணி பட்டதும் கறுத்துப்போச்சு. யாரும்மா தேய்ச்சது? நீங்களா?"

"நானா? எனக்கு அந்த மிஷினோட சுச்சு எங்க இருக்குன்னு கூடத் தெரியாது."

"ராசாத்தியா?" கோகுல் ஆவலோடு கேட்டான்.

"அவளா? அவ எனக்கு நல்ல மோரே குடுக்க மாட்டா. இதைத் தேய்ச்சுக் குடுப்பாளா? வீரமணிதான்."

பாப்பாத்தி அரிவாள்மனையைக் கீழே வைத்து மறுபடி வாழைத்தண்டை எடுத்தாள்.

"பூஜைக்கு வெக்கணும், தேய்ச்சுக் குடுடான்னேன். பொட்டு வெச்சாச்சுக்கா, இனிமே கருவியைத் தொடக் கூடாது, நாளைக்குத்தான்னான். பெரிய பட்டறை வெச்சிருக்கே, கூடப் பொறந்தவளுக்கு இது செய்ய முடியலையான்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். ஆளுங்கெல்லாம் சாப்பிடப் போயிருந்தாங்க. அவனே பண்ணிக் குடுத்தான். யார்கிட்டயும் சொல்லாதன்னான். நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

"இப்போ வந்து சொல்லணும்மா," என்றாள் அமிர்தவல்லி. "ஒரு பையனோட கல்யாணம் இதுல மாட்டிக்கிட்டிருக்கு."

நடந்ததை முழுக்கக் கேட்டதும் பாப்பாத்தி வாழைத்தண்டை அப்படியே போட்டாள். அரிவாள்மனையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு காரில் பின்சீட்டில் ஏறினாள். அரும்பாவூர் வரைக்கும் கோகுல் தலையைத் திருப்பவே இல்லை. பள்ளம் மேடு வந்தால் மட்டும், "அம்மா, அலகு அந்தப் பக்கமாவே இருக்கட்டும்," என்றான்.

*

வீரமணி வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவிப் புறப்பட்டு நின்றார். பட்டறை வாசலில் பரிமளாவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்சம் தள்ளிப் பரிமளா. டீக்கடைப் பக்கத்திலிருந்து ஜெயப்பிரகாஷும் எழுந்து வந்திருந்தான்.

"அந்தப் பையன் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலியே," என்றார் அப்பா. "நான் எதை நம்பி என் பொண்ணைக் குடுக்கறது?"

அப்போது கார் வந்து நின்றது. பாப்பாத்தி இறங்கினாள். துண்டை உருவினாள். அலகு வெயிலில் மின்னியது.

வீரமணி அதைப் பார்த்தார். பக்கத்திலிருந்த மரத்துண்டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கடா கெளம்பிட்ட?" என்றாள் அக்கா.

"அக்கா..."

"இதைத் தேய்ச்சது யாருடா?"

"நான்தான்." மீசைக்குள்ளிருந்து குரல் சின்னதாக வந்தது. "பொட்டு வெச்ச மிஷினைத் தொட்டுட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே தீப்பிடிச்சிருச்சு. சரஸ்வதிக்குக் கோவம் வந்து கொளுத்திடுச்சுன்னு பயந்து போயிட்டேன். ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அப்புறம் இவன் பூஜைக்கு வரலைங்கிறது ஞாபகம் வந்துச்சு. இவன் பண்ணியிருந்தா சாமி பண்ணலைன்னு ஆயிடும்ல? அதையே கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். விட்டா சாமிகிட்ட மாட்டிக்குவேன்."

"அந்தப் பொறி பைக்குள்ள போனது உங்களுக்குத் தெரியாது?" என்றாள் அமிர்தவல்லி.

"சத்தியமாத் தெரியாது. காலையில இந்தம்மா இரும்புன்னு சொன்னப்பதான் லேசாப் புரிஞ்சுது."

"புது பெல்ட் எங்க?"

வீரமணி எழுந்து வீட்டுக்குள் போனார். பூஜை அலமாரியிலிருந்து அதைக் கொண்டுவந்தார். ஒரு பொடி கூடப் படாத புது பெல்ட். நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம், அழியாமல் அப்படியே இருந்தது. "இதுக்கும் பொட்டு வெச்சிருந்தான். ஓட்டினாப் பொட்டு அழிஞ்சிரும்ல? தெய்வ குத்தம் ஆயிடுமேன்னுதான் கழட்டி வெச்சிட்டுப் பழசை மாட்டினேன்."

கோகுல் அமிர்தவல்லியின் காதருகே குனிந்தான். "சிக்கனம் இல்ல மேடம். பக்தி."

"பொரியை எடு," என்றாள் அமிர்தவல்லி.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஜெயப்பிரகாஷ் முடியவிடவில்லை.

"அண்ணன் மேல மட்டும் தப்பில்லைங்க." அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்து நின்றான். "பையை நான் காலி பண்ணியிருக்கணும். தெனம் வேலை முடிஞ்சதும் பையை உதறி வெக்கணும், அது என் வேலை. அன்னிக்கு மிஷின் பூராத் தொடச்சேன், பெல்ட் மாத்தினேன், ஓட்டிப் பார்த்தேன். பையை மட்டும் உதறலை. முக்காவாசி தூள் இருந்துச்சு. தீப்பிடிச்சுதுன்னு கேட்டதும் மோட்டார் சூட்டுல தூள் பத்திக்கிச்சு, என்னாலதான்னு நெனச்சேன். அதனாலதான் ஒன்னும் சொல்லலை. எந்த வாயால சொல்றது?"

வீரமணி அவனை நிமிர்ந்து பார்த்தார். ஒரே தீக்காக இரண்டு பேர் ஒரு வாரம் தனித்தனியாக வெந்திருக்கிறார்கள். ஒருத்தர் பட்டறைக்குள்ளே, இன்னொருத்தன் டீக்கடையில்.

"அவ்வளவு கருத்தாப் பண்றவன், அதை மட்டும் ஏன் மறந்தே?" என்றார் பரிமளாவின் அப்பா.

ஜெயப்பிரகாஷுக்குப் பதில் தெரியும். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. அமிர்தவல்லிக்கும் தெரியும். அவள் சட்டென்று கருகிய கதவை ஆராய ஆரம்பித்தாள்.

"நான்தாம்ப்பா," என்றாள் பரிமளா. கைப்பை ஜிப்பை இரண்டு தடவை திறந்து மூடினாள். பிறகு விட்டுவிட்டு அப்பாவை நேராகப் பார்த்தாள். "போன் மேல போன் பண்ணினேன். வாலிகண்டபுரத்துல காத்திட்டிருக்கேன், இப்ப வரீங்களா இல்லையான்னு. பையை உதறிட்டு வரேன்னார். பை முக்கியமா நான் முக்கியமான்னு கேட்டேன். அப்படியே போட்டுட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் பூராவும் என்கூடத்தான் கோயில்ல இருந்தார். இதைச் சொன்னா கல்யாணத்தை நிறுத்திடுவீங்கன்னு பயந்தேன். சொல்லாம இவர் ஜெயிலுக்குப் போறதுக்கு, சொல்லிட்டுக் கல்யாணம் நிக்கறது பரவாயில்லப்பா."

அப்பாவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. கோகுல் கூட அந்த நேரத்துக்கு ஒரு ஜோக்கும் கண்டுபிடிக்கவில்லை.

பாப்பாத்திதான் பேசினாள். அரிவாள்மனையைத் தரையில் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"பொறியை விட்டவன் என் தம்பி. பையை உதறாதவன் இவன். உதற விடாதவ உங்க பொண்ணு. அரிவாள்மனையைத் தூக்கிட்டு வந்து குடைச்சல் குடுத்தவ நான். புகைஞ்சதைச் சாம்பிராணின்னு கண்ணுல ஒத்திக்கிட்டதுல ராசாத்தியும் சேர்த்தி. வீரமணி, வண்டி புடி. எல்லாருமாப் போயி ஸ்டேஷன்ல உக்காந்துக்கலாம்."

சத்தம் கேட்டு வீட்டுப் பக்கமிருந்து வந்து நின்ற ராசாத்திதான் முதலில் சிரித்தாள். அவள் அண்ணியின் பேச்சுக்குச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

வீரமணி ஜெயப்பிரகாஷிடம் போனார். கையைப் பிடிக்கவா, தோளைத் தொடவா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் பொட்டு வைத்த பெல்ட்டை அவன் கையில் திணித்தார். "மன்னிச்சுக்கடா. உன் கடைக்கு மொத பெல்ட் இதுதான். ஆனா அதுக்கு முன்னாடி..." கருகிய கதவைப் பார்த்தார்.

"கதவை முடிச்சிட்டுத்தாண்ணே போவேன்," என்றான் ஜெயப்பிரகாஷ். அவன் கண் நிறைந்திருந்தது. "தும்பிக்கை நீங்க, மெருகு நான்."

பரிமளாவின் அப்பா இன்னும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. மெதுவாக உள்ளே வந்தார். கருகிய மிஷினைப் பார்த்தார். ஜெயப்பிரகாஷின் கையிலிருந்து அந்தப் பெல்ட்டை வாங்கினார். பொட்டு கலையாமல் அதைப் பதமாகத் திருப்பி, உட்பக்கத்து அம்புக்குறியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எந்தப் பக்கம் பார்த்து இருக்கணும் மாப்பிள்ளை?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஜெயப்பிரகாஷ் அம்பைத் தப்பான பக்கம் காட்டினான்.